அம்மாவுக்காகப் பேரம் பேச அங்கே ஆள் இல்லை

அமெரிக்காவில் டாலஸ் பக்கம் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவருடைய அம்மாவுக்கு 66 வயது. கோவையிலிருந்து விசிட்டர் விசாவில் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். பத்து வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இதய நோய் என்று யாரும் சொன்னதில்லை. ஒரு நாள் விடியற்காலையில் நெஞ்சை அடைத்து வியர்த்துக் கொட்ட, 911-ஐ அழைத்திருக்கிறார்கள். அன்று காலையே ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பி இப்போது நடமாடுகிறார்.

ஏழு வாரத்துக்கு முன் பில்கள் வரத் தொடங்கின. மருத்துவமனை 1,18,400 டாலர், இதய மருத்துவர் குழு 6,850, அவசரப் பிரிவு மருத்துவர் 2,140, ஆம்புலன்ஸ் 1,930. கூட்டினால் 1,29,320 டாலர். நம் கணக்கில் ஒரு கோடி ரூபாயைத் தாண்டுகிறது. 50,000 டாலர் வரம்புள்ள விசிட்டர் இன்சூரன்ஸ் எடுத்திருந்தார்கள். ரத்த அழுத்தத்தைக் காட்டி, ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்று அந்த நிறுவனம் கையை விரித்துவிட்டது.

“இதே ஸ்டென்ட் கோவையில் சித்தப்பாவுக்கு இரண்டு லட்ச ரூபாய் சொச்சத்தில் முடிந்தது. டொராண்டோவில் இருக்கும் தம்பி, இங்கே கார்டை நீட்டினால் போதும், பைசா செலவில்லை என்கிறான். அப்படியானால் எங்களை ஏமாற்றிவிட்டார்களா? அம்மா அடுத்த மாதம் ஊருக்குப் போகிறார், பில்லை அப்படியே விட்டுவிடுங்கள் என்று நண்பர்கள் சொல்வது சரியா? என் கணவருக்கு டொராண்டோவில் வேலை வாய்ப்பு வந்திருக்கிறது. அங்கே போனால் அப்பா அம்மாவை வைத்து இலவசமாக வைத்தியம் பார்க்கலாமா?” இவைதான் அவருடைய மூன்று கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

‘ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கலாமோ’ என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். மாரடைப்பில் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும். பணம் இருக்கிறதா, குடியுரிமை இருக்கிறதா என்று பார்க்காமல் அவசர நோயாளியைப் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்க மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்துகிறது. நீங்கள் செய்ததும் சரி, அவர்கள் செய்ததும் சரி. கோளாறு பில்லில்தான்.

பில்லைப் பற்றி விரிவாகப் பேசுமுன் ஓர் அவசர வேண்டுகோள். ‘மரியாதைக்காக 20,000 டாலரை இப்போதே கிரெடிட் கார்டில் கட்டிவிடலாம் என்று இருக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். கார்டில் ஏறிய நிமிடமே அது மருத்துவக் கடனாக இருப்பது போய் வட்டி ஓடும் வங்கிக் கடனாகிவிடும். மருத்துவக் கடனுக்கென்று இருக்கும் அவகாசம், நிதியுதவி, குறைப்புப் பேச்சு எதுவும் அந்தத் தொகைக்குப் பிறகு பொருந்தாது. மருத்துவமனையின் பில்லிங் மேசையே நீட்டும் ‘மெடிக்கல் கிரெடிட் கார்டு’க்கும் இதே பதில்தான்.

அந்த 1,18,400 எங்கிருந்து வந்தது

ஏமாற்றினார்களா என்ற கேள்விக்குச் சட்டப்படி ‘இல்லை’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தொகையை விலை என்று நினைப்பது தவறு. அமெரிக்க மருத்துவமனை ஒவ்வொன்றும் ‘சார்ஜ்மாஸ்டர்’ என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பஞ்சு முதல் ஐ.சி.யு. படுக்கை வரை ஆயிரக்கணக்கான வரிகள். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் அந்தப் பட்டியலிலிருந்து தள்ளுபடி பேசுகின்றன. தள்ளுபடி பெரிதாகத் தெரிய வேண்டுமென்றே பட்டியல் வருடா வருடம் வீங்குகிறது. ஆடித் தள்ளுபடிக்கு முன் விலைச்சீட்டை மாற்றும் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரோ அந்தப் பட்டியலைத் திரும்பியே பார்ப்பதில்லை. நோய்களை வகைகளாகப் பிரித்து, ‘இந்த வகைக்கு இவ்வளவுதான்’ என்று தானே நிர்ணயிக்கிறது. ராண்ட் ஆய்வு நிறுவனம் 2022ஆம் ஆண்டுக் கணக்குகளைப் பார்த்தபோது, தனியார் காப்பீடுகள் மருத்துவமனைகளுக்குக் கொடுத்தது மெடிகேர் கொடுத்திருக்கக்கூடிய தொகையில் சராசரியாக 254 சதவீதம் என்று தெரியவந்தது.

ஆக, ஒரே கட்டிலில் ஒரே ஸ்டென்ட்டுக்கு மெடிகேர் நோயாளிக்கு ஒரு விலை, உங்கள் கணவரின் கம்பெனி இன்சூரன்ஸுக்கு இன்னொரு விலை, பக்கத்து வீட்டுக்காரரின் இன்சூரன்ஸுக்கு வேறொரு விலை. இவர்கள் ஒவ்வொருவருக்காகவும் யாரோ முன்கூட்டியே உட்கார்ந்து பேரம் பேசி முடித்திருக்கிறார்கள். அம்மாவுக்காக அப்படி யாரும் பேசவில்லை. அதனால் பட்டியலில் இருந்த தொகை அப்படியே தபாலில் வந்துவிட்டது.

நாடுகளுக்கிடையிலான வித்தியாசத்துக்கும் அடிப்படை இதுதான். அமெரிக்கர்கள் அடிக்கடி டாக்டரிடம் போகிறார்கள், நிறைய நாள் ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள், அதனால்தான் செலவு என்று பொதுவாக ஓர் எண்ணம் இருக்கிறது. ஜெரார்ட் ஆண்டர்சன், ஊவே ரைன்ஹார்ட் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் 2003இல் பணக்கார நாடுகளின் கணக்குகளை ஒப்பிட்டபோது அப்படி இல்லை என்று தெரிந்தது. பயன்பாடு ஏறத்தாழ மற்ற நாடுகள் அளவுதான், சிலவற்றில் குறைவும்கூட. ஒவ்வொரு சேவைக்கும் கொடுக்கும் விலைதான் அதிகம். 2023இல் அமெரிக்காவின் மருத்துவச் செலவு தலைக்கு 14,570 டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம். கனடாவில் 2024 மதிப்பீடு தலைக்கு 9,054 கனடிய டாலர். அமெரிக்க டாலரில் மாற்றினால் பாதிக்கும் குறைவு. ஆயுள் எதிர்பார்ப்பு கனடாவில்தான் கூடுதல்.

மீதி வித்தியாசத்தில் பெரும் பங்கு காகிதத்துக்குப் போகிறது. நூற்றுக்கணக்கான காப்பீட்டு நிறுவனங்கள், ஒவ்வொன்றிலும் பல திட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனி முன் அனுமதி, தனி மறுப்பு, தனி மேல்முறையீடு. இவற்றைச் சமாளிக்க மருத்துவமனையில் ஒரு படை, அதை எதிர்கொள்ள இன்சூரன்ஸ் கம்பெனியில் இன்னொரு படை. 2017 கணக்கை வைத்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்க மருத்துவச் செலவில் 34.2 சதவீதம் நிர்வாகத்துக்கே போவதாகவும் கனடாவில் அது 17 சதவீதம் என்றும் கணக்கிட்டது. ஆய்வாளர்கள், எல்லோருக்கும் ஒருவரே பணம் கொடுக்கும் ஒற்றைக் காப்பீட்டுமுறையை வெளிப்படையாக ஆதரிப்பவர்கள், அதனால் எண்ணைச் சற்றுக் குறைத்தே வாசித்தாலும் வித்தியாசம் மறையாது.

ஒரே வாங்குபவர் இருந்தால் விலை ஏன் இறங்குகிறது என்று புரிந்துகொள்ள கனடாவரை போக வேண்டியதில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகள் சிதறிச் சிதறி வாங்கப்பட்டன. கழகம் வந்தபின் மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர், மூலப்பெயரில் மருந்து, தரப் பரிசோதனை, மொத்தக் கொள்முதல். பாராசிட்டமால் விற்கும் கம்பெனிக்கு இந்த ஒரு வாடிக்கையாளரை இழந்தால் மாநிலத்தின் அரசு மருத்துவமனை அத்தனையும் போய்விடும். அந்தப் பயம்தான் விலையை இறக்குகிறது. கனடாவில் மாகாண அரசுகள் மருத்துவர் கட்டணத்துக்கும் மருத்துவமனை பட்ஜெட்டுக்கும் செய்வது இதையேதான். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் டாக்டர்கள் சங்கமும் அரசும் பேசி ஒரு கட்டண அட்டவணை போடுகின்றன. மருத்துவமனைக்கு வருட நிதி பெரும்பாலும் மொத்தமாகப் போகிறது. தம்பி பில்லைப் பார்க்காததற்குக் காரணம், அங்கே நோயாளிக்கென்று பில்லே எழுதப்படுவதில்லை. பணம் வரியாக முன்பே போய்விட்டது. அவருடைய சம்பளச்சீட்டைக் கேட்டுப் பாருங்கள், ‘இலவசம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் தயங்கித்தான் சொல்வார்.

அமெரிக்க மெடிகேர் இவ்வளவு பெரிய வாங்குபவராக இருந்தும் மருந்து விலையில் மட்டும் கை கட்டப்பட்டிருந்தது. 2003இல் மாத்திரைகளுக்குக் காப்பீடு கொடுத்த சட்டமே, விலையைப் பேரம் பேச அரசுக்குத் தடையும் போட்டது. 2022இல்தான் அந்தத் தடை ஓரளவு தளர்ந்தது. பேசி முடித்த முதல் பத்து மருந்துகளின் விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வரும்படி சட்டம் நாள் குறித்தது.

சித்தப்பாவின் இரண்டு லட்சத்தை டாலஸ் பில்லோடு ஒப்பிடுவதில் பாதி நியாயம்தான் இருக்கிறது. நர்ஸ் சம்பளம், கட்டட வாடகை, வழக்குக் காப்பீடு எல்லாமே அங்கே பல மடங்கு. ஆனால் மறுபாதி, மறுபடியும் பேரத்தின் கதை. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு வைத்தது: மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260 ரூபாய். அதற்கு முந்தைய நாள்வரை மருந்து பூசிய ஸ்டென்ட் ஒரு லட்சத்துக்கு மேலும் விற்றுக்கொண்டிருந்தது. பொருள் மாறவில்லை, கம்பெனி மாறவில்லை. அரசு ஓர் உத்தரவு போட்டது, அவ்வளவுதான். அந்த வரம்பு ஸ்டென்ட்டுக்கு மட்டும்தான், அறை வாடகைக்கோ, ஸ்டென்ட் வைக்கும் கூடமான கேத் லேப்பின் கட்டணத்துக்கோ இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோவையிலேயே இரண்டு தனியார் மருத்துவமனைகளில் விசாரித்துப் பாருங்கள், ஒரே தொகை வராது.

‘அரசே ஆஸ்பத்திரி நடத்தினால்தான் விலை குறையும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் ஒரு சிறு திருத்தம். ஒற்றைக் காப்பீட்டுமுறை என்றால் பணம் கொடுப்பவர் ஒருவர் என்று மட்டுமே பொருள். கனடாவின் மருத்துவர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள் அல்லர். சொந்தமாக கிளினிக் வைத்து அரசுக்குப் பில் அனுப்புகிறவர்கள். மருத்துவமனைகளை அரசே நடத்துவது பிரிட்டன் 1948இல் எடுத்த வழி. ஜப்பானிலோ ஆயிரக்கணக்கான காப்பீட்டு அமைப்புகள் இருக்கின்றன, ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே கட்டணப் பட்டியல். இரண்டு வருடத்துக்கொருமுறை அரசு திருத்துகிறது, நோயாளி பொதுவாக 30 சதவீதம் கட்டுகிறார். அமெரிக்காவுக்குள்ளேயே மேரிலாந்து மாநிலம் 1970களிலிருந்து மருத்துவமனை விலையைத் தானே நிர்ணயிக்கிறது. பணம் கொடுப்பவர் பலராக இருந்தாலும் விலை பேசுவது ஒரே வாயாக இருந்தால் போதும் என்பது என் கருத்து.

தம்பியின் கார்டு அம்மாவுக்கு ஆகாது

தம்பி சொல்வது அவரைப் பொறுத்தவரை உண்மை. சஸ்காச்சுவான் மாகாணத்தில் 1962இல், டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தும் பின்வாங்காமல் தொடங்கிய திட்டம், பிறகு நாடு முழுவதும் பரவியது. 1984இல் வந்த கனடா சுகாதாரச் சட்டம், திட்டத்துக்குள் வரும் சேவைகளுக்கு நோயாளியிடம் தனியாகக் காசு கேட்பதைத் தடுத்தது. உங்கள் கணவர் ஒன்டாரியோ நிறுவனம் ஒன்றில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் முழுநேர வேலைக்கு அனுமதிச் சீட்டோடு போனால், அவருக்கும் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ‘ஓஹிப்’ எனும் மாகாணக் காப்பீடு கிடைக்கும். முன்பு இருந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அம்மா அங்கேயும் விருந்தாளிதான். கனடாவுக்கு விசிட்டராக வந்தாலும், பெற்றோருக்கென்று இருக்கும் ‘சூப்பர் விசா’வில் வந்தாலும் ஓஹிப் கிடையாது. சூப்பர் விசாவில் ஒரே வருகையில் ஐந்து வருடம்வரை தங்கலாம் என்பது பெரிய வசதிதான். ஆனால் குறைந்தது 1,00,000 கனடிய டாலர் மதிப்புள்ள, ஒரு வருடம் செல்லுபடியாகும் தனியார் காப்பீட்டைக் காட்டினால்தான் அந்த விசாவே கிடைக்கும். அந்தக் காப்பீட்டிலும் ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்ற அதே பூதம் உட்கார்ந்திருக்கிறது. இப்போது ஸ்டென்ட்டும் வைத்தாயிற்று என்பதால் முன்னைவிடப் பெரிதாக. நோய் இத்தனை நாள் ‘நிலையாக’ இருந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கெடு வைக்கும். அந்தக் கெடுவுக்குள் மாத்திரையின் அளவை மாற்றினால்கூட ‘நிலையாக இல்லை’ என்று சொல்ல இடமுண்டு. காப்பீடு இல்லாத வெளிநாட்டவருக்கு கனடிய மருத்துவமனைகளும் பில் போடும், ஒரு நாள் படுக்கைக்குப் பல ஆயிரம் டாலர் வீதம்.

பெற்றோர் நிரந்தர வசிப்புரிமை பெற்று வந்தால் ஓஹிப் உண்டு. அதற்கு நீங்கள் முதலில் அங்கே நிரந்தர வசிப்புரிமை பெற வேண்டும், வருமான வரம்பைக் காட்ட வேண்டும், குலுக்கலில் அழைப்பு வர வேண்டும், பிறகு இருபது வருடம் அவர்கள் வாழ்க்கைச் செலவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவின் வைத்தியத்தை மட்டும் நினைத்து டொராண்டோ போவதானால், அந்தப் பலன் கிடைக்க நீண்ட காலம் ஆகும்.

உங்கள் குடும்பத்துக்காகப் போவது வேறு கணக்கு. இளம் பிள்ளைகள், வேலை போனாலும் போகாத காப்பீடு ஆகியவை பெரிய நிம்மதி. அதற்கான விலையையும் தெரிந்துகொண்டு போங்கள். வெளியில் வாங்கும் மாத்திரை, பல், கண்ணாடி இவற்றை வயதுவந்தவர்களுக்கு ஓஹிப் பொதுவாகத் தராது. கம்பெனித் திட்டம் தேவை. ஆம்புலன்ஸுக்கு 45 டாலர் உண்டு. மாரடைப்பு என்றால் கனடாவிலும் உடனே உள்ளே எடுத்துப் போவார்கள். ஆனால் மூட்டு மாற்று, கண்புரை, ஸ்கேன் போன்றவற்றுக்கு வரிசை. மூட்டு மாற்றுக்கு 26 வாரத்துக்குள் என்பது அவர்களே வைத்த இலக்கு, அதையே பலருக்கு எட்ட முடிவதில்லை. பட்ஜெட்டை இறுக்கிப் பிடிப்பதால் கிடைக்கும் சிக்கனமும், படுக்கையும் ஆபரேஷன் தியேட்டர் நேரமும் போதாமல் போவதும் ஒரே நாணயத்தின் இரு பக்கம். குடும்ப டாக்டர் கிடைப்பதும் இப்போது எளிதல்ல. போனதும் முதல் வாரமே தேடத் தொடங்குங்கள்.

பில்லைக் குறைக்கும் வரிசை

வரிசை முக்கியம்: முதலில் இன்சூரன்ஸ் மேல்முறையீடு, அடுத்து நிதியுதவி, கடைசியில் பேரம். அவசரப்பட்டு ரொக்கத் தள்ளுபடிக்கு ஒப்புக்கொண்டு கட்டிவிட்டால், பிறகு இன்சூரன்ஸ் இறங்கி வந்தாலும் அது மருத்துவமனையோடு பேசிவைத்த ‘நெட்வொர்க்’ விலையைக் கேட்க முடியாமல் போகலாம். மூன்றும் நடக்கும்வரை கணக்கை நிறுத்திவைக்கும்படி மருத்துவமனைக்கு எழுத்தில் கேளுங்கள். போனில் பேசினால் தேதி, பேசியவர் பெயர், அழைப்பு எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ்: உங்கள் பாலிசியில் ‘அக்யூட் ஆன்செட்’ என்ற பிரிவு இருக்கிறதா பாருங்கள். ஏற்கெனவே இருந்த நோய் எதிர்பாராமல் திடீரென முற்றி, 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்கு வந்திருந்தால் பணம் தரும் பிரிவு அது. பெரும்பாலும் 70 வயதுக்குட்பட்டவர்களுக்கு. அம்மாவின் கதை அதற்குள் அச்சாகப் பொருந்துகிறது. அத்துடன், ரத்த அழுத்தம் வேறு, இதயக் குழாய் அடைப்பு வேறு. பின்னது இருப்பதாக யாரும் முன்பு கண்டறியவில்லை என்பது உங்கள் இரண்டாவது வாதம். டாலஸ் இதய மருத்துவரிடம் இந்த இரண்டையும் சொல்லும் கடிதமும், கோவை டாக்டரிடம் கடந்த சில வருடச் சீட்டுகளும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தது என்ற கடிதமும் வாங்குங்கள். மேல்முறையீட்டுக் கெடு பாலிசிப் பத்திரத்தில் இருக்கும். விசிட்டர் இன்சூரன்ஸ் வழக்கமான அமெரிக்கக் காப்பீட்டுச் சட்டப் பாதுகாப்புக்குள் வராது. எதிர்பாராத பெரிய பில்லிலிருந்து காப்பீடுள்ளவர்களைக் காக்கும் ‘திடீர் பில்’ தடுப்புச் சட்டமும் அதற்குப் பொருந்தாது. எனவே பத்திரத்தில் உள்ள சொற்கள்தான் உங்கள் ஆயுதம்.

மேல்முறையீடுகள் பெரும்பாலும் எங்கே கவிழ்கின்றன என்று சொல்கிறேன். அவசரப் பிரிவில் முதலில் விசாரிக்கும் நர்ஸ், ‘எப்போதிலிருந்து வலி’ என்று கேட்பார். பக்கத்தில் நிற்கும் மகளோ மருமகனோ பதற்றத்தில், ‘பத்து நாளாக மார்பு எரிச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்’ என்று மொழிபெயர்த்துவிடுவார்கள். நெஞ்செரிச்சலும் நெஞ்சுவலியும் ஆங்கிலக் குறிப்பில் ஒன்றாகிவிடும். இன்சூரன்ஸ்காரர் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். முழு மருத்துவக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். அதில் தவறாகப் பதிந்தது இருந்தால் திருத்தம் கேட்கவும் உரிமை உண்டு. உண்மையாகவே சொன்னதை மாற்றச் சொல்லாதீர்கள், அது மோசடி.

நிதியுதவி: அந்த மருத்துவமனை லாப நோக்கற்றதா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். அப்படியென்றால் எழுத்துபூர்வமான நிதியுதவித் திட்டம் வைத்திருக்க மத்திய வரிச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. முதல் பில் தேதியிலிருந்து 240 நாள்வரை விண்ணப்பத்தை ஏற்றாக வேண்டும். முதல் 120 நாளுக்குள் வழக்கு, கிரெடிட் ரிப்போர்ட் போன்ற கடும் நடவடிக்கை கூடாது. ஏழு வாரம் போயிற்று என்றால் முதல் கெடுவில் உங்களுக்கு இன்னும் 71 நாள், இரண்டாவதில் 191 நாள் இருக்கிறது. தகுதி பெற்றவரிடம், காப்பீடு உள்ளவர்களிடம் பொதுவாக வாங்கும் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. குடியுரிமை வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் உள்ளூர்வாசிகளுக்கு மட்டும் என்று அந்தந்த மருத்துவமனை விதி வைக்கலாம். அதனால் விதியை முழுதாகப் படியுங்கள். அப்பா பஞ்சாலையில் ஓய்வு பெற்றவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பென்ஷன் வரும் வங்கிப் புத்தகத்தின் நகல், அம்மாவின் பாஸ்போர்ட், வருகைப் பதிவு, தனக்கு வருமானம் இல்லை என்ற அம்மாவின் கடிதம், எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவற்றை இணையுங்கள். எந்தெந்த டாக்டர் குழுக்கள் இந்த உதவிக்குள் வருகின்றன என்ற பட்டியலையும் கேளுங்கள்; வராதவர்களிடம் தனித்தனியாகப் பேச வேண்டியிருக்கும். லாப நோக்குள்ள மருத்துவமனை என்றால் இந்தக் கெடுக்கள் பொருந்தாது, ஆனால் காப்பீடில்லாதவர் தள்ளுபடி என்று ஒன்று அவர்களிடமும் இருக்கும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அம்மாவை (டாலஸ் இருக்கும்) டெக்சாஸ் மாநிலவாசி என்று எழுதி, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டுக்கு விண்ணப்பிக்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விசிட்டர் விசாவுக்கும் அப்படி எழுதுவதற்கும் ஒத்துவராது.

பேரம்: எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்த பில் கேளுங்கள். டெக்சாஸில் 2023 செப்டம்பர் முதல் மருத்துவமனை அதைக் கொடுத்தாக வேண்டும். ஸ்டென்ட் எண்ணிக்கை ஒன்றா இரண்டா, ஒரே ரத்தப் பரிசோதனை இரண்டு முறை ஏறியிருக்கிறதா, அம்மா ‘உள்நோயாளி’யா ‘கண்காணிப்பு’ நோயாளியா என்று பாருங்கள். அவசரப் பிரிவு டாக்டர் பில்லில் 99281 முதல் 99285 வரை ஒரு குறியீடு இருக்கும். கடைசி எண் ஏற ஏறத் தொகை ஏறும். மாரடைப்புக்கு 99285 நியாயம்தான், அதில் சண்டை வேண்டாம். பிறகு, 2021 முதல் எல்லா மருத்துவமனைகளும் வெளியிட வேண்டிய விலைக் கோப்பில், உங்கள் பில்லில் உள்ள நோய்வகைக் குறியீட்டைத் தேடுங்கள். ரொக்க விலை, ஒவ்வொரு இன்சூரன்ஸும் கொடுக்கும் விலை எல்லாம் அங்கே இருக்கும். மெடிகேர் விலையின் ஒன்றரை மடங்கில் உங்கள் பேச்சைத் தொடங்குங்கள். மிகக் குறைந்த இன்சூரன்ஸ் விலைக்குப் பக்கத்தில் முடிக்கப் பாருங்கள். ‘பட்டியலில் எத்தனை சதவீதம் தள்ளுபடி’ என்ற பேச்சுக்குள் போகவே போகாதீர்கள், அது அவர்கள் ஆடுகளம். தொகை ஒத்துவந்ததும், ‘இத்துடன் கணக்கு முழுமையாகத் தீர்ந்தது’ என்ற கடிதம் கைக்கு வந்தபிறகே பணம் அனுப்புங்கள். மொத்தமாக முடியாவிட்டால் மருத்துவமனையே தரும் வட்டியில்லாத் தவணையைக் கேளுங்கள்.

விட்டுவிட்டுப் போனால்?

கடன் நோயாளியின் பெயரில் இருக்கிறது. கோவைவரை துரத்திவந்து வழக்குப் போடுவது அரிது என்று நண்பர்கள் சொல்வது தவறல்ல. ஆனால் நீங்களே ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறீர்கள்: ‘என் கணவர் அவசரத்தில் டேப்லெட்டில் இரண்டு மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார்.’ அதில் ஒன்று ‘பணப் பொறுப்பாளர்’ என்ற இடமாக இருந்தால் கடன் அவர் தலையிலும் இருக்கிறது. சேர்க்கைப் படிவத்தின் நகலை இன்றே கேட்டு வாங்குங்கள். பொறுப்பாளர் என்றால் டெக்சாஸில் வழக்குத் தொடர நான்கு வருடக் கெடு உண்டு; ஒரு வருடம் கழித்து அவருடைய கிரெடிட் ரிப்போர்ட்டிலும் ஏறலாம். பொறுப்பாளர் இல்லை, மகள் மருமகன் என்ற உறவு மட்டும்தான் என்றால், அந்த உறவே உங்களைக் கடனாளியாக்காது.

அடுத்த விசா வேறு விஷயம். அமெரிக்காவில் வைத்தியம் பார்த்திருக்கிறீர்களா, யார் பணம் கொடுத்தார்கள் என்று தூதரக அதிகாரி கேட்கக்கூடும். தீர்ந்த கணக்கின் கடிதம் கையில் இருப்பது அப்போது உதவும். பேரப்பிள்ளையைப் பார்க்க அம்மா மறுபடி வர வேண்டும் என்று நீங்கள் விரும்பினால், இந்தப் பில்லை எந்தத் தொகையிலாவது முடித்துவிடுவதே நல்லது என்பேன்.

அம்மா விமானம் ஏறுமுன் ஆஞ்சியோகிராம் பதிவுள்ள சி.டி., டிஸ்சார்ஜ் குறிப்பு, ஸ்டென்ட்டின் பெயரும் அளவும் உள்ள அட்டை மூன்றையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரைகளில் எதையும் இதய மருத்துவர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. புது ஸ்டென்ட்டில் அடைப்பு வர அது ஒரு முக்கியக் காரணம். கோவையில் முதல் பரிசோதனைக்குத் தேதியை இப்போதே வாங்கிவிடுங்கள். மேல்முறையீட்டுக்கு வேண்டிய கோவை டாக்டரின் கடிதத்தையும் அன்றைக்கே அப்பாவிடம் வாங்கி அனுப்பச் சொல்லலாம்.